குடிக்கும் வயதைக் குறைக்கலாமா, கூட்டலாமா? என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் ஒரு அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இருக்கும் மினிமார்ட்டில் 11 வருஷமாகக் கல்லாவில் உட்காருகிறேன். பால், முட்டை, ரொட்டி, அப்புறம் மூன்று கதவு வைத்த ஃப்ரிட்ஜ் நிறைய பியர். மூத்தவன் தேசிய சேவையை (என்எஸ், பையன்களுக்குக் கட்டாயமான சேவை) முடித்துவிட்டான், சின்னவள் உயர்நிலை நான்கில் படிக்கிறாள். அதனால் கடையிலும் இந்தக் கேள்விதான், வீட்டிலும் இதுதான், மகள் வகுப்புப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவிலும் மாதம் ஒருமுறையாவது யாராவது இதைக் கிளப்பிவிடுவார்கள். ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து தட்டச்சு செய்ய முடியவில்லை, எனவே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே இருக்கின்றன. பதில்களில் சட்டம் எது, என் கருத்து எது என்று பிரித்தே சொல்லியிருக்கிறேன்.

சிங்கப்பூர்ல குடிக்கிறதுக்குச் சட்டப்படி எத்தனை வயசு? 18-ஆ, 21-ஆ?

18. சிகரெட்டுக்கு 21, சூதாட்டக் கூடத்துக்கு 21, ஓட்டுப் போட 21 என்று இருப்பதால் நிறையப் பேர் இதையும் 21 என்று நினைத்துக்கொள்கிறார்கள். மதுவுக்கு 18தான். கடையில் வாங்குவதற்கும், பார், உணவகம் போன்ற உரிமம் பெற்ற இடங்களில் உட்கார்ந்து குடிப்பதற்கும் அந்த வயது ஆகியிருக்க வேண்டும்.

உரிமம் வைத்திருப்பவர் 18 வயதுக்குக் கீழே உள்ளவருக்குக் கொடுத்தால் 10,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம். எங்கள் முதலாளி முதல் நாளே எனக்குச் சொன்ன எண் அதுதான்.

அப்படின்னா வீட்டுல 16 வயசுப் பையனுக்கு ஒரு மடக்கு கொடுத்தா போலீஸ் வருமா?

இந்தச் சட்டம் உரிமம் பெற்ற இடங்களைப் பற்றியது. உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு அது வராது. 'குடிக்கும் வயது' என்று நாம் வாய்ப்பழக்கத்தில் சொல்கிறோமே தவிர, சட்டம் குறிவைப்பது பெரும்பாலும் கொடுக்கிற கையை. கல்லாவில் இருக்கும் என் கை, பாரில் ஊற்றுபவர் கை. வீட்டில் அந்தக் கை உங்களுடையது, அங்கே உங்களைத் தடுக்க யாரும் வரமாட்டார்கள், அதனால்தான் அங்கே இன்னும் கவனமாக இருக்க வேண்டும் என்கிறேன். சட்டம் கண்டுகொள்ளாத இடம் என்பதால் பாதுகாப்பான இடம் என்று ஆகிவிடாது. வீட்டில் பழக்குவதைப் பற்றிக் கீழே தனிக் கேள்வி இருக்கிறது, அங்கே விரிவாகச் சொல்கிறேன்.

ராத்திரி 10.30-க்கு மேல விக்க மாட்டேங்கிறீங்களே, அது சின்னப் பசங்களுக்காகவா?

இல்லை, அது எல்லாருக்கும். 2015 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கும் மதுபானக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி இரவு 10.30 முதல் காலை 7 மணி வரை கடையில் வாங்கிக்கொண்டு போகவும் முடியாது, வாய்ட் டெக் (புளோக்குகளின் திறந்த கீழ்த்தளம்), பூங்கா, கடற்கரை போன்ற பொது இடங்களில் குடிக்கவும் முடியாது. 60 வயது ஐயா வந்து நின்றாலும் 10.31க்கு நான் ஸ்கேன் செய்ய மாட்டேன். லிட்டில் இந்தியா, கேலாங் இரண்டு வட்டாரத்துக்கும் வார இறுதியிலும் பொது விடுமுறையிலும் இன்னும் கடுமையான கட்டுப்பாடு உண்டு. 2013 டிசம்பர் 8ஆம் தேதி லிட்டில் இந்தியாவில் நடந்த கலவரமும், மது அதற்கு ஒரு முக்கியக் காரணம் என்று விசாரணைக் குழு சொன்னதும் இந்தச் சட்டத்துக்குப் பின்னால் இருக்கின்றன.

வயசை எப்படிப் பார்ப்பீங்க? முகத்தைப் பார்த்தா?

முகத்தை நம்பவே கூடாது. மீசை வைத்த 16ஐயும் பார்த்திருக்கிறேன், பள்ளிப் பிள்ளை மாதிரி இருக்கும் 24ஐயும் பார்த்திருக்கிறேன். ஐசி கேட்பேன், அல்லது அரசாங்கத்தின் சிங்பாஸ் செயலியில் இருக்கும் அடையாள அட்டை. 2000 முதல் இங்கே பிறந்தவர்களுக்கு ஐசி எண் 'டி' எழுத்தில் தொடங்கும், அடுத்த இரண்டு எண்ணும் பிறந்த வருஷம். அதை மட்டும் பார்த்து விட்டுவிட்டால் தவறு நடக்கும், ஏனென்றால் வருஷம் சரியாக இருந்தும் மாதம் ஆகியிருக்காது.

ஒரு சனிக்கிழமை, இரவு பத்தே கால். மூன்று பையன்கள், ஒருவன் கையில் ஆறு டின் அடுக்கிய அட்டைக்கட்டு. ஐசி என்றதும் மற்ற இருவரும் உருளைக்கிழங்கு வறுவல் பக்கம் நகர்ந்துவிட்டார்கள். இவன் அட்டையை நீட்டினான், உள்ளங்கை வியர்வையில் அது ஈரமாக இருந்தது. தேதியைப் பார்த்தால் 18 முடிய இன்னும் இரண்டு நாள். "ஆன்ட்டி, ரெண்டே நாள்தானே" என்றான், குரல் அடைத்துப் போயிருந்தது. இல்லை தம்பி என்று சொல்லிவிட்டு நானே கட்டைக் கொண்டுபோய் ஃப்ரிட்ஜில் வைத்தேன். அவனைப் பார்த்தால் குடிக்கும் ஆசையைவிட, நண்பர்கள் முன்னால் வாங்கிக் காட்ட வேண்டிய கட்டாயம்தான் பெரிதாகத் தெரிந்தது. நான் மறுத்ததில் அவனுக்கே கொஞ்சம் நிம்மதி வந்த மாதிரி இருந்தது என்று சொன்னால் நம்புவீர்களா தெரியாது, எனக்கு அப்படித்தான் தோன்றியது.

அப்பாவுக்குத்தான் வாங்கிட்டுப் போறேன்னு சொன்னா கொடுப்பீங்களா?

மாட்டேன். அப்பாவே இறங்கி வரட்டும், லிஃப்ட் இருக்கிறது. இதில் கோபப்படும் அப்பாக்கள் உண்டு, "நான்தானே அனுப்பினேன், ஃபோன் போட்டுத் தரவா" என்று கேட்பார்கள். பிள்ளையைப் பால் வாங்க அனுப்புங்கள், இதற்கு அனுப்பாதீர்கள். பெரியவர் ஒருவர் வாங்கி, வாசலில் நிற்கும் சின்னவர்களிடம் நீட்டுவது கண்ணில் பட்டால் அவருக்கும் அடுத்த முறை விற்க மாட்டேன்.

அமெரிக்காவுல மட்டும் ஏன் 21?

அங்கே அது முதலிலிருந்து 21 ஆக இருந்து வந்ததில்லை. 1971இல் ஓட்டுப் போடும் வயது 18 ஆனது. வியட்நாம் போருக்கு 18 வயதில் அனுப்புகிறாய், ஓட்டுக் கிடையாதா என்ற கோபம் அது. அதே வேகத்தில் பல மாநிலங்கள் குடிக்கும் வயதையும் 18, 19 என்று இறக்கின. கொஞ்ச வருஷத்தில் இளையர்களின் சாலை விபத்துகள் கூடின. ஒரு மாநிலத்தில் 21, பக்கத்து மாநிலத்தில் 18 என்றால் பையன்கள் காரை எடுத்துக்கொண்டு எல்லை தாண்டிப் போய்க் குடித்துவிட்டு அதே காரில் திரும்புவார்கள். அப்படிப் போனவர்களில் எத்தனையோ பேர் வீடு வந்து சேரவில்லை.

1984இல் அதிபர் ரீகன் கையெழுத்திட்ட சட்டம் வயதை நேரடியாக மாற்றவில்லை. 21 ஆக்காத மாநிலத்துக்கு நெடுஞ்சாலைப் பணத்தில் ஒரு பங்கு வராது என்று மட்டும் சொன்னது. 1988க்குள் எல்லா மாநிலமும் 21க்கு வந்துவிட்டன.

பிறகு ஏன் அங்கேயே திரும்ப 18-க்குக் குறைக்கச் சொல்றாங்க?

2008இல் 100க்கும் மேற்பட்ட கல்லூரி, பல்கலைக்கழகத் தலைவர்கள் சேர்ந்து 21 என்பதை மறுபடியும் யோசியுங்கள் என்று கையெழுத்திட்டார்கள். அவர்கள் வாதத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. தடை இருப்பதால் பிள்ளைகள் குடிக்காமல் இருப்பதில்லை, பூட்டிய விடுதி அறைக்குள் பீப்பாய் வைத்து, ஒரே மூச்சில், பெரியவர் யாரும் இல்லாத இடத்தில் குடிக்கிறார்கள். ஒருவன் மயங்கி விழுந்தால்கூட மாட்டிக்கொள்வோம் என்று பயந்து ஆம்புலன்சைக் கூப்பிடுவதில்லை. இது உண்மையான பிரச்சினை.

ஆனால் அதற்கு மருந்து வயதைக் குறைப்பதா? அங்கே பல மாநிலங்கள் வேறு வழி கண்டன. உதவிக்கு அழைத்தவர் மேல் குடித்த குற்றத்துக்காக வழக்குப் போட மாட்டோம் என்று சட்டம் கொண்டுவந்தன. பயத்தைக் குறைத்தார்கள், வயதைக் குறைக்கவில்லை. எனக்கு அதுதான் சரியாகப் படுகிறது.

சும்மா வாதம் பண்ணாம, எங்கயாவது நிஜமாவே குறைச்சுப் பார்த்திருக்காங்களா?

நியூசிலாந்து. 1999 டிசம்பரில் 20லிருந்து 18க்குக் குறைத்தார்கள். பின்னால் ஆய்வாளர்கள் விபத்துக் காயங்களை எடுத்துப் பார்த்தபோது, கொஞ்சம் மூத்த வயதினரோடு ஒப்பிட்டால் 18, 19 வயதுக்காரர்களிடம் நிலைமை மோசமாகியிருந்தது. அதைவிட என்னை உலுக்கியது, 15 முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகளிடமும் அதே கதை. அவர்களுக்குச் சட்டம் எதையுமே திறந்துவிடவில்லையே?

கல்லாவில் உட்கார்ந்தவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. 20 வயதுக்காரனுக்கு 16 வயது நண்பன் அதிகம் இருக்க மாட்டான். 18 வயதுக்காரனுக்கு இருப்பான், ஒரே பள்ளி, ஒரே காற்பந்துக் குழு, ஒரே புளோக். நீங்கள் வயதை எங்கே வைக்கிறீர்களோ, அதற்கு இரண்டு மூன்று வருஷம் கீழே வரை அது கசியும். 18 என்று எழுதினால் நடைமுறையில் 16. 16 என்று எழுதினால் 14. நான் குறைப்பதை எதிர்ப்பதற்கு இதுதான் முதல் காரணம், மற்றதெல்லாம் இதற்குப் பிறகு.

2012இல் அங்கே மீண்டும் உயர்த்தலாமா என்று நாடாளுமன்றத்தில் ஓட்டெடுப்பு நடந்தது, 18 அப்படியே நின்றது. ஒருமுறை இறக்கியதைத் திரும்ப ஏற்றுவது அவ்வளவு எளிதில்லை.

ஜெர்மனியில 16 வயசுலயே பியர். அங்க பிள்ளைங்க பொறுப்பா குடிக்கிறாங்களாமே?

ஜெர்மனியில் பியருக்கும் ஒயினுக்கும் 16, விஸ்கி போன்றவற்றுக்கு 18 என்பது சரி. பொறுப்பாகக் குடிக்கிறார்கள் என்பதுதான் சரியில்லை. ஐரோப்பா முழுக்கப் பல நாடுகளில் 15, 16 வயது மாணவர்களிடம் சில வருஷங்களுக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறார்கள். 2019இல் ஏறக்குறைய பாதிப் பேர் கடந்த 30 நாளுக்குள் குடித்ததாகச் சொன்னார்கள். அமெரிக்காவில் அதே வயதினரிடம் இது குறைவு.

ஐரோப்பாவையே உதாரணம் காட்ட வேண்டுமென்றால் ஐஸ்லாந்தைக் காட்டுங்கள். அங்கே வயது 20. 1998இல் அந்த நாட்டுப் 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 விழுக்காட்டினர் அதற்கு முந்தைய மாதத்தில் போதையாகும் அளவுக்குக் குடித்திருந்தார்கள், 2016இல் அது 5 விழுக்காடு. வெறும் சட்டத்தால் வந்ததில்லை. பிள்ளைகள் இரவில் வெளியே இருக்க நேரக் கட்டுப்பாடு, விளையாட்டுக்கும் இசைக்கும் குடும்பங்களுக்கு அரசாங்கப் பணம், மாலையில் பெற்றோர்கள் கும்பலாகச் சேர்ந்து தெருவில் நடந்து பிள்ளைகள் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்தது. அந்தக் கடைசி விஷயத்துக்குச் செலவே இல்லை. லித்துவேனியா 2018இல் 18லிருந்து 20க்கு ஏற்றியது. ஆக ஐரோப்பா என்றாலே தளர்வு என்று சொல்வது பழைய கதை.

சின்ன வயசுலயே வீட்டுல கொஞ்சம் கொஞ்சமா பழக்கினா வெளியில போய் ஆட மாட்டாங்கல்ல?

என்னிடம் அதிகம் வரும் கேள்வி இது, கேட்பவர்கள் எல்லாரும் நல்ல பெற்றோர்கள். தீபாவளிக்கு வீட்டில் கூட்டம், மாமா ஒருவர் 15 வயதுப் பையனைத் தோளில் கைபோட்டு இழுத்து, "இங்கேயே குடி, என் கண்ணு முன்னாடி குடி, வெளியில போய்க் கெட்டுப்போகாதே" என்று பாதிக் கிளாஸ் ஊற்றுவார். அவர் அன்பாகத்தான் செய்கிறார்.

ஆனால் பலன் நேர்மாறாக இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் சுமார் 1,900 பதின்ம வயதினரை ஆறு வருஷம் தொடர்ந்து கவனித்து 2018இல் முடிவைச் சொன்னார்கள். பெற்றோர் கொடுத்ததால் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு கிடைத்ததற்கு ஆதாரமே இல்லை. மாறாக, அப்படிக் கிடைத்த பிள்ளைகள் அடுத்தடுத்த வருஷங்களில் அளவுமீறிக் குடிக்கும் வாய்ப்பும், வெளியாரிடம் வாங்கிக் குடிக்கும் வாய்ப்பும் கூடியிருந்தன. வீட்டில் கிடைத்தால் வெளியில் தேடமாட்டான் என்ற கணக்குப் பொய்த்துவிட்டது. மாமாவிடம் சண்டை போட வேண்டாம். கிளாசை வாங்கி அந்தப் பக்கம் வைத்துவிட்டுப் பையனுக்கு ஒரு பண்டுங் (ரோஜாப் பால்) ஊற்றிக் கொடுங்கள், அவருக்குப் புரியும்.

18-க்கும் 21-க்கும் உடம்புல அப்படி என்ன பெரிய வித்தியாசம்?

மூளைதான். 'போதும், நிறுத்து' என்று சொல்கிற முன்பக்க மூளை இருபதுகளின் நடுப்பகுதி வரை வளர்ந்துகொண்டே இருக்கிறது. அது முதிர்வதற்குள் அதைத்தான் மது முதலில் மந்தப்படுத்துகிறது. இன்னொரு கணக்கும் உண்டு. அமெரிக்காவில் 1990களில் எடுத்த பெரிய கருத்தாய்வு ஒன்றில், 15 வயதுக்கு முன் குடிக்கத் தொடங்கியவர்களில் சுமார் 40 விழுக்காட்டினர் வாழ்நாளில் ஒரு கட்டத்தில் மதுவுக்கு அடிமையாகியிருந்தார்கள், 20க்குப் பிறகு தொடங்கியவர்களில் சுமார் 10 விழுக்காடு. சீக்கிரம் தொடங்கும் பிள்ளைக்கு வீட்டில் வேறு பிரச்சினைகளும் இருந்திருக்கலாம், எல்லாப் பழியையும் வயதின் மேல் போட முடியாது. அதையும் மனதில் வைத்துப் பார்த்தாலும் நாலு மடங்கு என்பது சும்மா தள்ளிவிடக் கூடிய வித்தியாசம் இல்லை.

பியர்தானே? அது என்ன பெரிய சரக்கா?

330 மில்லி டின், 5 விழுக்காடு என்றால் உள்ளே சுமார் 13 கிராம் ஆல்கஹால். 40 விழுக்காடு விஸ்கி 30 மில்லியில் ஒன்பதரை கிராம்கூட வராது. ஒரு டின் பியர் ஒரு சின்ன விஸ்கியைவிட அதிகம். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள், பெரியவர்களுக்கே தெரியவில்லை. அதோடு, சீனப் பிள்ளைகள் சிலருக்கு ஒரு டின்னிலேயே முகம் செக்கச்சிவந்து நெஞ்சு படபடக்கும். அது வெட்கமோ பலவீனமோ இல்லை, ஆல்கஹால் உடம்பில் உடையும்போது வரும் அசிட்டால்டிஹைடு என்ற நச்சுப்பொருளைக் கழிக்க முடியாத மரபு அமைப்பு. அப்படிப்பட்ட நண்பனை இன்னொன்று குடி என்று வற்புறுத்தக் கூடாது என்று உங்கள் பிள்ளையிடம் சொல்லி வையுங்கள்.

என்எஸ்-ல 18 வயசுல துப்பாக்கி கொடுக்கறாங்க. அப்போ பியர் கொடுக்கக் கூடாதா?

இங்கே இப்போதே 18தானே, சட்டப்படி வாங்கலாம். இந்த வாதம் 21க்கு ஏற்றலாமா என்று பேசும்போதுதான் உயிர் பெறும். என் மகன் சீருடையில் இருந்த காலத்தில் நானும் அப்படித்தான் நினைத்தேன், நாட்டுக்காக வெயிலில் காய்கிற பிள்ளைக்கு இது கூடவா கிடையாது என்று.

பிறகு யோசித்தேன். துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு நீ பெரியவன், பார்த்துக்கொள் என்று விடுவதில்லை. வாரக்கணக்கில் பயிற்சி, ஒவ்வொரு தோட்டாவுக்கும் கணக்கு, பக்கத்தில் ஒரு சார்ஜென்ட், முடிந்ததும் திரும்ப ஒப்படைக்க வேண்டும். பியருக்கு அப்படி யாரும் பக்கத்தில் நிற்பதில்லை. 19 வயது வீரனுக்குச் சிகரெட்டும் இன்றைக்கு விற்கக் கூடாது, அதற்காக ராணுவம் அவனை மதிக்கவில்லை என்று அர்த்தமில்லை. ஜப்பானில் 2022 ஏப்ரலில் சட்டப்படி பெரியவர் ஆகும் வயதை 20லிருந்து 18க்கு இறக்கினார்கள், குடிக்கவும் புகைக்கவும் மட்டும் 20 அப்படியே இருக்கிறது. எல்லா வயதும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும் என்ற கட்டாயமில்லை.

சிகரெட்டை 21 ஆக்கினாங்களே, இதையும் ஆக்கிட வேண்டியதுதானே?

இதில்தான் நான் பல இரவு முன்னும் பின்னும் போய்வந்திருக்கிறேன். சிகரெட் வயதை ஒரே நாளில் ஏற்றவில்லை. 2019 ஜனவரி 1இல் 19, 2020இல் 20, 2021இல் 21. வருஷத்துக்கு ஒரு படி. கடையில் இருந்த எனக்கு அது எவ்வளவு அமைதியாக நடந்தது என்று தெரியும், ஏற்கெனவே வாங்கிக்கொண்டிருந்த எந்தப் பையனுக்கும் உரிமை பறிபோன எண்ணம் பெரிதாக வரவில்லை. மதுவுக்கும் அப்படி ஒரு வழி உண்டு.

எதிர்ப்பக்கமும் நியாயம் இருக்கிறது. அமெரிக்காவில் 21 காப்பாற்றிய உயிர்களில் பெரும்பகுதி சாலையில் காப்பாற்றப்பட்டவை. அங்கே 16 வயதில் கார் ஓட்டுகிறார்கள். இங்கே 18க்கு முன் உரிமமே கிடையாது, சிஓஇ (கார் வைத்திருக்க வாங்க வேண்டிய உரிமைச் சான்றிதழ்) விலையில் 19 வயதுப் பிள்ளை காரில் சுற்றுவதும் அபூர்வம், பெரும்பாலும் பேருந்தும் எம்ஆர்டி ரயிலும்தான். எனவே அந்தப் பலன் அப்படியே இங்கே வந்துவிடும் என்று சொல்ல மாட்டேன். மோட்டார் சைக்கிள் இருக்கிறதே என்பதுதான் என் கவலை, 18 வயதில் அதற்கு உரிமம் எடுக்கலாம், சிலர் அதில் உணவு விநியோகமும் செய்கிறார்கள்.

அப்புறம், வயது ஒன்றுதான் கருவி என்றும் நினைக்க வேண்டாம். பியரில் இருக்கும் ஒரு லிட்டர் சுத்த ஆல்கஹாலுக்கு 60 வெள்ளி வரி. மேலே சொன்ன டின்னுக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய ஒரு வெள்ளி வரியே போகிறது. கைச்செலவுக்காசில் வாங்கும் பிள்ளைக்கு அந்த விலையும், 10.30 மணி நேரக் கெடுவும் ஐசியைப் போலவே ஒரு தடுப்பு. இந்த இரண்டும் இங்கே பலமாக இருப்பதால்தான் 18 ஓரளவு தாக்குப்பிடிக்கிறது. என் கருத்தைக் கேட்டால்: 18க்குக் கீழே ஒரு நாள்கூடக் குறைக்கக் கூடாது. படிப்படியாக 21க்கு ஏற்றுவதாக நாளைக்கே அறிவித்தால் நான் வரவேற்பேன். கசிவுக் கணக்கை நினைத்துப் பாருங்கள், 21 என்று எழுதினால்தான் நிஜமான 18 கிடைக்கும்.

தமிழ்நாட்டுல எத்தனை? மலேசியாவுல? ஜேபி போய் வாங்கிட்டா?

தமிழ்நாட்டில் 21, பக்கத்தில் புதுச்சேரியில் 18, கேரளாவில் 23. விடுமுறைக்கு ஊருக்குப் போகும் பிள்ளைகள் இங்கே 18 ஆனதால் அங்கேயும் ஆகிவிட்டதென்று நினைக்க வேண்டாம். மலேசியாவில் 2017 டிசம்பரிலிருந்து 21, எங்களைவிடக் கடுமை. ஜேபியிலிருந்து (எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஜோகூர் பாரு) வரும்போது மதுவுக்கு வரிச்சலுகையும் கிடையாது, ஒரு டின்னாக இருந்தாலும் வரி கட்ட வேண்டும். பாலத்தைத் தாண்டிப் போய் இதில் லாபம் பார்க்க முடியாது.

குடின்னாலே நம்ம ஆளுங்களைத்தான் சொல்வாங்க. இந்தப் பேச்சே நம்மளை அசிங்கப்படுத்தற மாதிரி இல்லையா?

இதைக் கேட்டவர் ஒரு தாத்தா. கோபம் நியாயமானது. தோட்டத்திலும் துறைமுகத்திலும் ரயில்பாதையிலும் முதுகு ஒடிய வேலை செய்தவர்களுக்கு, வேலை முடிந்தால் போக ஒரே இடமாகக் கள்ளுக்கடையைத் திறந்து வைத்தது வெள்ளைக்காரன் ஆட்சி. உரிமம், வருமானம், கணக்கு எல்லாம் அவன் கையில். பெயர் மட்டும் நமக்கு. இந்த ஊரில் கள்ளுக்கடைகள் 1970களின் கடைசி வரை இருந்தன, என் மாமனார் கள்ளுக்கடை வாசலில் அப்பாவுக்காகக் காத்து நின்றதைச் சொல்லியிருக்கிறார். காற்சட்டைப் பையில் சம்பளக் காசைத் தைத்துக் கொடுப்பாராம் பாட்டி, அப்பா கேட்டாலும் பிரிக்கக் கூடாது என்று.

அதை எதிர்த்தும் நம்மவர்கள்தான் நின்றார்கள். 1932இல் தொடங்கிய தமிழர் சீர்திருத்தச் சங்கம், அதில் முன்னின்ற கோ. சாரங்கபாணி, கள்ளை விடச் சொல்லி மேடை மேடையாகப் பேசியது எல்லாம் இந்த மண்ணில் நடந்தது. ஆகவே பிள்ளைகளின் குடியைப் பற்றி நாம் வெளிப்படையாகப் பேசுவது இன்னொருவர் சொல்லிக் கொடுத்ததில்லை, தாத்தா காலத்திலிருந்து நம் பேச்சு. என் கல்லாவில் ஐசி கேட்டால் எல்லா இனத்துப் பிள்ளைகளும் ஒரே மாதிரிதான் விழிக்கிறார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இவ்வளவு பேசறீங்க, அப்புறம் ஏன் பியர் விக்கிற கடையில வேலை பார்க்கறீங்க?

சம்பளத்துக்காக. வீட்டுக்குக் கீழே வேலை, மகள் பள்ளி முடிந்து வந்தால் எட்டிப் பார்க்கலாம். பெரியவர்கள் தங்கள் காசில், தங்கள் வயதில் வாங்குவதை நான் தடுக்க நினைக்கவில்லை. ஆனால் முதல் கேள்விகளில் சொன்ன கொடுக்கிற கை என்னுடையது என்பதை மறக்கவில்லை. வேறு யாராவது இங்கே உட்கார்ந்து கேட்காமல் ஸ்கேன் செய்வதைவிட, கேட்கிற நான் உட்காருவது நல்லது என்று நினைக்கிறேன்.

எல்லாம் சரி. நேத்து ராத்திரி என் பையன் குடிச்சிட்டு வந்து விழுந்துட்டான். நான் என்ன பண்ணணும்?

முதலில் உயிர். எழுப்பினால் எழுகிறானா பாருங்கள். எழவில்லை, மூச்சு மிக மெதுவாக அல்லது விட்டுவிட்டு வருகிறது, உடம்பு சில்லிட்டு உதடு நீலம் பாய்கிறது, மயக்கத்திலேயே வாந்தி எடுக்கிறான் என்றால் உடனே 995. திட்டு வரும், பெயர் கெடும் என்று யோசிக்காதீர்கள், அமெரிக்க விடுதிக் கதையில் சொன்ன அதே பயம்தான் அது. ஆம்புலன்ஸ் வரும்வரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், மல்லாந்து கிடந்தால் வாந்தி மூச்சுக்குழாயில் போய்விடும். காப்பி கொடுக்காதீர்கள், குளிர்ந்த தண்ணீரில் நிறுத்தாதீர்கள், வாய்க்குள் விரல் விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். தூங்கட்டும் என்று தனியாகவும் விடாதீர்கள், கடைசியாகக் குடித்தது இரத்தத்தில் ஏற இன்னும் நேரம் இருக்கும்.

நன்றாக எழுந்து பேசுகிறான் என்றாலும் அன்று இரவு பேச வேண்டாம், காதில் ஏறாது. மறுநாள் சாப்பிட வைத்துவிட்டுப் பேசுங்கள். யார் வாங்கியது, எங்கே குடித்தீர்கள், எத்தனை பேர் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் காத்திருங்கள். இது ஒரு தடவை நடந்ததாக இல்லாமல் வாரத்துக்கு வாரம் நடக்கிறது, பணம் காணாமல் போகிறது, வகுப்புக்குப் போவதில்லை என்றால் பள்ளி ஆலோசகரிடம் சொல்லுங்கள், புவாங்கோக்கில் மனநலக் கழகத்துக்குள் இருக்கும் தேசிய அடிமைப்பழக்கச் சிகிச்சைச் சேவையில் இளையர்களையும் பார்க்கிறார்கள், பலதுறை மருந்தகத்தில் கேட்டாலும் வழி சொல்வார்கள்.

என் மூத்தவன் 19 வயதில் ஒரு வெள்ளிக்கிழமை அப்படி வந்தான், சுவரைப் பிடித்துக்கொண்டு செருப்பைக் கழற்ற முடியாமல் நின்றான். எனக்கு வாயில் நூறு கேள்வி. காலை பத்து மணிக்கு இட்லித் தட்டை முன்னால் வைத்துவிட்டு நான் கேட்ட முதல் கேள்வி, யார் வண்டியில் வந்தாய் என்பது. டாக்சியில், நான் மட்டும்தான் என்றான். சரி, சாப்பிடு என்றேன்.